அண்ணன் சுமக்கும் பாரம்

(குடும்ப ஜெபக் கூட்டங்களுக்கான வேத பாடம்)



நம்முடைய வாலிபர் கூட்டத்தில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். கல்யாணம், வேலை, பரிசுத்த ஆவியின் வரங்கள் என்று பலவும் வரும். இந்த முறை வந்த ஒரு சீட்டு என்னை யோசிக்க வைத்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்: "ஐயா, கூடப்பிறந்தவனைக் காப்பாத்த எது செஞ்சாலும் சரியா? சூப்பர்நேச்சுரல் சீரியல்ல அண்ணன் தம்பிக்காக ஆத்துமாவையே குடுக்குறான். அதைவிடப் பெரிய அன்பு உண்டா?"

இது அமெரிக்கத் தொடர். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் படிக்கப் போகிற நம்ம பிள்ளைகள் இதையெல்லாம் கைபேசியில் பார்க்கிறார்கள். அது என்ன கதை என்று நானும் முக்கியமான பகுதிகளைப் பார்த்தேன். முழுக்கப் பார்த்த பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் வருகிற தூதர்களும் பிசாசுகளும் வேதாகமத்தின்படியானவை அல்ல. அதை வைத்து யாரும் உபதேசம் கற்றுக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் கதையின் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் நடப்பது நம்ம தெருவிலும் நடக்கிறது. ஆகவேதான் இந்தப் பாடம்.

1. கதை என்ன?

எரிக் கிரிப்கி என்பவர் உருவாக்கிய இந்தத் தொடர் 2005 செப்டம்பர் 13 அன்று தொடங்கி, 2020 நவம்பர் 19 அன்று முடிந்தது. 15 ஆண்டுகள், 327 பாகங்கள். அண்ணன் டீனாக ஜென்சன் ஆக்கிள்ஸும் தம்பி சாமாக ஜாரெட் படலெக்கியும் நடித்தார்கள்.

1983 நவம்பர் 2 அன்று இரவு, கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில், ஒரு வீடு தீப்பிடிக்கிறது. தாயை ஒரு பிசாசு கொன்றுவிடுகிறது. தகப்பன் ஜான், ஆறு மாதக் குழந்தையான சாமைத் தூக்கி, நாலு வயது டீனின் கையில் கொடுத்து, வெளியே ஓடு என்கிறான். நாலு வயசுப் பிள்ளை தம்பியைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. தீ அணைந்துபோகிறது. ஆனால் அந்தப் பிள்ளை தம்பியைக் கீழே இறக்கி வைக்கவே இல்லை. 15 வருஷக் கதையும் அதுதான்.

தகப்பன் பழிவாங்கப் புறப்பட்டு, ஊர் ஊராய்ப் பேய்களை வேட்டையாடுகிறான். பிள்ளைகள் இரண்டும் விடுதி அறைகளில் தனியாய்க் கிடக்கின்றன. பிற்பாடு தகப்பன் தன் ஆத்துமாவைக் கொடுத்து டீனைக் காப்பாற்றுகிறான். சாம் செத்தபோது டீன் பிசாசோடு ஒப்பந்தம் பண்ணி, ஒரே வருஷம் உயிரோடிருந்தால் போதும் என்று தன் ஆத்துமாவை விற்கிறான். இப்படி மாறி மாறி விற்பதும் மீட்பதுமாய்க் கதை ஓடுகிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிது அல்ல. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய "மர்மதேசம்" 1990களில் சன் டிவியில் வந்தபோது எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள்! அதிலே "விடாது கருப்பு" கதை நினைவிருக்கிறதா? ஊரே மிரண்ட காரியத்துக்குப் பின்னால், சின்ன வயசில் சொந்த வீட்டிலேயே காயப்பட்டு மனம் இரண்டாய்ப் பிளந்துபோன ஒருவன் இருந்தான். நம்மை மிரட்டுகிற காரியங்களின் வேர் பலநேரம் அடுப்படிக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது.

2. அந்த வீட்டில் என்ன கோளாறு?

பிரியமானவர்களே, அந்த அண்ணன் தம்பிக்குள் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பு நிறையவே உண்டு. அந்த அன்பு எந்தப் பாத்திரத்தில் ஊற்றப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறோம். ஐந்து காரியங்களைக் கவனியுங்கள.

அ) பிள்ளை தகப்பனாக்கப்பட்டான். முதல் வருஷத்தில் ஒரு பாகம். தகப்பன் வேட்டைக்குப் போய்விட, சிறுவனான டீன் தம்பிக்குக் காவல். அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து சலித்துப்போய், கொஞ்ச நேரம் விளையாட வெளியே போகிறான். அந்த நேரத்தில் தம்பிமேல் ஒரு தீய சக்தி வந்து உட்காருகிறது. தகப்பன் வந்து தப்புவிக்கிறான். ஆனால் அன்றைக்குப் பிறகு அப்பா தன்னைப் பார்த்த பார்வையே மாறிப்போனது என்று பெரியவனான டீன் நினைத்து வேதனைப்படுகிறான். விளையாடப் போன பிள்ளையின் குற்றமா அது? அப்பன் செய்யவேண்டிய காவலைப் பிள்ளை தலையில் வைத்தது யார்? சால்வடார் மினுச்சின் என்ற குடும்ப ஆலோசனை அறிஞர் 1974-ல் எழுதிய நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். பெற்றோரின் இடத்தில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை என்பது அவருடைய கருத்து. எல்லை தெளிவாய் இருந்து, பெரியவர்கள் துணையாய் நின்றால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பிள்ளைக்கு நல்லது. பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் விலகிப்போனால் அது பிள்ளையை நசுக்கும்.

ஆ) போக நினைத்தவன் துரோகியானான். சாம் படிப்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போகிறான். போனால் திரும்பி வராதே என்று தகப்பன் கதவைச் சாத்துகிறான். படிக்கப் போவது பாவமா? அந்த வீட்டில் அன்பு என்றால் கூடவே இருப்பது. விலகினால் அன்பில்லை. உள்ளே இருந்தால் மூச்சு முட்டும், வெளியே போனால் குற்ற உணர்வு கொல்லும்.

இ) கேட்காமலே காப்பாற்றினார்கள். ஒன்பதாம் வருஷத்தில் சாம் மரணப்படுக்கையில் இருக்கிறான், சாகவும் ஒப்புக்கொண்டுவிட்டான். டீன் அதை ஏற்காமல், ஏமாற்றிச் சம்மதம் வாங்கி, வேறொரு ஆவி தம்பியின் உடம்புக்குள் வந்து குடியேற வழி பண்ணிவிடுகிறான். பல நாள் தம்பிக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்த பிறகு தம்பி மனம் உடைந்து, அதே நிலைமை உனக்கு வந்தால் நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன் என்கிறான். அண்ணன் காப்பாற்றியது யாரை? தம்பியையா, அல்லது தம்பி இல்லாமல் வாழத் தெரியாத தன்னையா?

ஈ) கிரயத்தைக் கட்டியது அடுத்தவர்கள். தம்பிக்குள் வந்த அதே ஆவி, இவர்களை நம்பி இவர்கள் வீட்டில் இருந்த கெவின் என்ற மாணவனைக் கொன்றுபோடுகிறது. பத்தாம் வருஷத்தில் தம்பியின் முறை. அண்ணன்மேல் இருந்த சாபக்குறியை நீக்க, எச்சரிப்பை மீறி, அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு மந்திரத்தைத் தேடுகிறான். அந்த முயற்சியில் துணை நின்ற சார்லி என்ற பெண் சாகிறாள். குறி நீங்குகிறது, அதோடு பெரிய அந்தகாரம் ஒன்று உலகத்தின்மேல் அவிழ்க்கப்படுகிறது. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பிழைத்துக்கொள்கிறார்கள். அடக்கம்பண்ணப்படுகிறவர்கள் வேறு வீட்டுப் பிள்ளைகள்.

உ) மூன்றாவது சகோதரனை மறந்துபோனார்கள். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஜானுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த ஆதாம் என்று ஒரு மகன் உண்டு. 2010-ல் வந்த பாகத்தில் அவனும் சாமும் பாதாளக் கூண்டுக்குள் விழுகிறார்கள். சாம் மீட்கப்படுகிறான். ஆதாமோ தொடரின் கடைசி வருஷம் வரைக்கும் உள்ளேயே கிடக்கிறான். அவனுக்காக யாரும் ஆத்துமாவை விற்கவில்லை. கூடப்பிறந்தவனுக்காக உலகத்தையே எரிப்போம் என்றவர்களுக்கு, அவன் கூடப்பிறந்தவனாகத் தெரியவில்லை. அந்த விசுவாசம் இரண்டே பேர் உட்காரக்கூடிய பலகை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காயீன் ஆபேல் சரித்திரத்தையும் இந்தத் தொடர் மாற்றிவிட்டது. ஆபேல் சாத்தானோடு பேசத் தொடங்கினதால், அவன் ஆத்துமாவைக் காப்பாற்றவே காயீன் அவனைக் கொன்று, தான் நரகத்தை ஏற்றான் என்று கதை கட்டுகிறது. பிள்ளைகளே, ஆதியாகமம் 4-ம் அதிகாரத்தில் அப்படி இல்லவே இல்லை. அங்கே இருப்பது எரிச்சல். எரிச்சலில் செய்த கொலைக்குப் பாசம் என்று பெயர் சூட்டினால், எந்தக் காயீனும் தியாகியாகிவிடுவான். இதைத்தான் நம்முடைய வீடுகளும் செய்கின்றன. செய்த காரியத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.

3. நம்முடைய தெருவில்

1961-ல் பீம்சிங் இயக்கத்தில் "பாசமலர்" வந்தது. சிவாஜியும் சாவித்திரியும் அண்ணன் தங்கை. கடைசியில் இருவரும் ஒன்றாய்ச் சாகிறார்கள். தமிழ்நாடே அழுதது. இன்றைக்கும் ஒரு அண்ணனைப் புகழ வேண்டுமானால் அந்தப் படத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். அண்ணன் செத்தால்தான் அண்ணன் என்று நாமே ஒரு அளவுகோல் வைத்துவிட்டோம்.

அரிமளம், ராயவரம், திருமயம் பக்கமெல்லாம் போய்ப் பாருங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ மூத்த மகன் இல்லாத தெரு இருக்கிறதா? இரண்டு தங்கச்சி கல்யாணம், தம்பி படிப்பு, வீட்டு ஒட்டு வேலை, அப்பா வாங்கின கடன், எல்லாம் அவன் தலையில். நாற்பது வயசாகியும் தனக்கென்று குடும்பம் இல்லாதவர்கள் உண்டு. ஊருக்கு வந்தால் தெய்வம் மாதிரிப் பார்ப்பார்கள். "எனக்கு உடம்பு முடியலம்மா, வந்துடட்டுமா?" என்று போனில் கேட்டால், மறுமுனையில் சத்தம் இருக்காது. அந்த மௌனத்தைக் கேட்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

அவனைப்போலவே மூத்த அக்கா. அம்மா தைலமரக் காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போக, எட்டாவது படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்று தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். "எங்க வீட்டு மகராசி, ரெண்டாவது அம்மா" என்று மெச்சுகிறோம். அந்த மெச்சுதலுக்கு அவள் கொடுத்த விலை பத்தாம் வகுப்பு.

குடிக்கிற தம்பியின் கதையும் இதுதான். கடையில் பாக்கி வைத்தால் அண்ணன் கட்டுவான். வண்டியை மோதிவிட்டால் அண்ணன் போய் சமரசம் பேசுவான். மதினி நகை அடகுக்குப் போகும். வேலைக்குப் போகவில்லை என்றால், காய்ச்சல் என்று அண்ணனே முதலாளிக்குச் சொல்லிவிடுவான். ஒவ்வொரு முறையும் நோக்கம் நல்லதுதான். ஆனால் விழுந்தால் வலிக்கும் என்பதே தம்பிக்குத் தெரியாமல் போகிறது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் அவர்கள், குடியால் கணவரை இழந்த துக்கத்தின் நடுவே, டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அங்கே குடிக்கிறவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. வீட்டாரையும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஏன்? ஒருவர் குடித்தால் வீடு முழுதும் அந்த நோயைச் சுற்றியே தன்னை வளைத்துக்கொள்கிறது. வளைந்தவர்களும் நிமிர வேண்டுமல்லவா?

1973-ல் ஈவான் போசர்மெனி-நாகி என்ற மனநல மருத்துவர், ஜெரால்டின் ஸ்பார்க் என்பவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத விசுவாசங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். ஒவ்வொரு குடும்பத்திலும் எழுதப்படாத ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அதிலே வரவு செலவு ஓடுகிறது, தகப்பன் அடைக்காத கடன் பிள்ளையின் பக்கத்தில் ஏறிவிடுகிறது என்கிறார். ஜான் அடைக்காத கடனை டீன் அடைத்தான். உங்கள் வீட்டுக் கணக்கில் யார் பெயர் எழுதியிருக்கிறது?

4. வேதத்தில் நாலு குடும்பங்கள்

சிமியோனும் லேவியும் (ஆதியாகமம் 34). தங்கை தீனாளைச் சீகேம் கெடுத்துவிட்டான். கொடுமையான குற்றம். அண்ணன்மார் தந்திரமாய்ப் பேசி, ஒரு பட்டணத்து ஆண்மக்கள் அத்தனை பேரையும் வெட்டிப்போட்டார்கள். தங்கைக்காகவே செய்தோம் என்றார்கள். அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துப் பாருங்கள். தீனாள் ஒரு வார்த்தை பேசினதாக எழுதப்படவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதாகவும் எழுதப்படவில்லை. பழிதீர்த்தது அவர்களுடைய மானத்துக்கு. யாக்கோபு மரணப்படுக்கையில் அந்தக் கோபத்தைச் சபித்தான்.

தாமார் (2 சாமுவேல் 13). தாவீதின் மகளுக்கு அவள் சகோதரன் அம்னோனே தீங்கு செய்தான். கூடப்பிறந்த அப்சலோம் என்ன சொன்னான்? அவன் உன் சகோதரன், இப்போது பேசாதே என்றான். தாவீது ராஜா மிகவும் கோபப்பட்டான், ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் பாழாய்ப்போனவளாய் இருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்றான். பிறகு தகப்பனுக்கு எதிராகவே எழும்பினான். ஒரு பெண்பிள்ளையின் வாயை அடைத்ததில் ஆரம்பித்தது, ராஜ்யம் கலங்குகிறவரை போனது. பிரியமானவர்களே, இதை உறுதியாய்ச் சொல்லுகிறேன். பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே தீங்கு நடந்திருந்தால், "குடும்ப மானம்" என்று மூடாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மூடுவது குற்றம் செய்தவனுக்குக் காட்டுகிற விசுவாசம். அந்தப் பிள்ளையும் உங்கள் இரத்தம்தான்.

மிரியாம் (எண்ணாகமம் 12). மோசேக்கு விரோதமாய்ப் பேசின அக்காளுக்குக் குஷ்டம் வந்தது. மோசே அவளுக்காகக் கர்த்தரை நோக்கிக் கெஞ்சினான். ஆனாலும் ஏழு நாள் அவள் பாளயத்துக்குப் புறம்பே இருக்கவேண்டியிருந்தது. அந்த ஏழு நாளையும் மோசே தந்திரமாய்க் குறைக்கவில்லை. ஜனங்களும் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை, அவள் சேர்க்கப்படுகிறவரை பிரயாணம் பண்ணாமல் காத்திருந்தார்கள். இது எவ்வளவு அழகு பாருங்கள்! விளைவை அவள் சந்தித்தாள், அவளை யாரும் கைவிடவுமில்லை. குடிக்கிற தம்பிக்காக ஜெபிக்கிற அண்ணனே, இந்த ஏழு நாளைக் கற்றுக்கொள்.

யூதா (ஆதியாகமம் 44). யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் இவனே. வருஷங்கள் கழித்து, பென்யமீன் எகிப்தில் பிடிபட்டபோது, இவனுக்குப் பதிலாய் நான் அடிமையாயிருக்கிறேன் என்று முன்வந்தான். இதுவும் தியாகந்தானே, டீன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. யூதா எல்லாருக்கும் முன்பாக, வெளிச்சத்தில் பேசினான். பொய் சொல்லவில்லை. கிரயத்தை வேறொருவன் தலையில் கட்டவில்லை. பென்யமீன் தகப்பனிடத்துக்குத் திரும்பிப்போய் வாழவேண்டும் என்று கேட்டான், தன் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அந்தத் தியாகத்தினால் பழைய பொய் உடைந்தது, யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினான், வீடு ஒன்றானது. டீனின் ஒப்பந்தமோ இருட்டில், நாற்சந்தியில், தம்பிக்குத் தெரியாமல் நடந்தது. அதனால் அடுத்த பொய்யும் அதற்கடுத்த பொய்யும் பிறந்தன.

5. எந்தப் பாரம் யாருடையது?

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் கலாத்தியர் 6-ம் அதிகாரம் எனக்குப் புதிராய் இருந்தது. 2-ம் வசனம் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. 5-ம் வசனமோ அவரவர் பாரத்தை அவரவரே சுமக்கவேண்டும் என்கிறது. எது சரி? தமிழ் வேதத்தில் இரண்டு இடத்திலும் பாரம் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. கிரேக்க மூலத்திலோ இரண்டு சொற்கள். முதலாவது பாரோஸ், நசுக்குகிற பெரும் பளு. இரண்டாவது ஃபோர்டியன், ஒருவருக்கென்று ஏற்றப்பட்ட சுமை. கப்பலின் சரக்குக்கும் அந்தச் சொல் வரும்.

வைக்கோல் வண்டி குடைசாய்ந்து வண்டிக்காரன் அடியில் சிக்கிக்கொண்டால் ஊரே ஓடிப்போய்த் தூக்கவேண்டும். அது பாரோஸ். பள்ளிக்கூடம் போகிற பையன் தன் புத்தகப் பையைத் தானே தூக்கவேண்டும். அது ஃபோர்டியன். வியாதி, விபத்து, மரணம், பயிர் கருகிப்போனது, இவையெல்லாம் சேர்ந்து தூக்கவேண்டியவை. தம்பியின் குடி, தம்பியின் மனந்திரும்புதல், தம்பியின் கல்யாணத் தீர்மானம், அப்பாவின் பகை, அம்மாவின் பயம், இவை அவரவர் பை. அடுத்தவர் பையைப் பிடுங்கிச் சுமக்கிறவன் அவர்களை முடவராக்குகிறான்.

ஆகவே, ஒரு காரியத்தைச் செய்யுமுன் இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்:

ஒன்று, இதை அவனுக்குத் தெரிந்தே செய்கிறேனா? மறைத்துத்தான் செய்யமுடியும் என்றால், அங்கேயே நில்லுங்கள்.

இரண்டு, இதற்குக் கிரயம் கட்டப்போவது யார்? என் மனைவியா, என் பிள்ளையா, ஊரில் அடிபட்ட இன்னொருவனா?

மூன்று, இதனால் அவன் நிமிர்வானா, அல்லது என்மேல் இன்னும் சாய்வானா?

நாலு, அவன் என்னை விட்டுத் தூரமாய்ப் போய் நன்றாயிருந்தால் எனக்குச் சந்தோஷமா? இந்த நாலாவது கேள்விக்கு உண்மையாய்ப் பதில் சொல்வது கஷ்டம். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

6. இனி என்ன செய்வது?

பெற்றோர்களே, பிள்ளையிடம் உதவி கேளுங்கள், உங்கள் இடத்தைக் கொடுக்காதீர்கள். "தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்க, அம்மா ஆறு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லி, ஆறு மணிக்கு வாருங்கள். தம்பி விழுந்தால் மூத்ததை அடிக்காதீர்கள். கணவனைப் பற்றிய துக்கத்தையெல்லாம் மூத்த மகனிடமே கொட்டாதீர்கள். சபையில் உங்கள் வயதுச் சகோதரிகள் இல்லையா?

வெளிநாட்டில் இருக்கிற மூத்த சகோதரனுக்குச் சொல்கிறேன். எது முடியும், எது முடியாது என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்குச் சொல்லுங்கள். மாதம் இவ்வளவு, இந்த வருஷம் வரை, அதன் பிறகு நான் வருகிறேன் என்று தேதி வையுங்கள். முதலில் கோபப்படுவார்கள். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் தம்பிமாரும் தங்கள் பங்கைக் கண்டுகொள்வார்கள். "தம்பி, எனக்கும் உடம்பு இருக்குடா" என்று சொல்வது அன்பில்லாத வார்த்தை அல்ல.

தூரமாய்ப் போன இளைய பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கப் போனது துரோகம் அல்ல. ஆனால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடின கையை மறந்துபோகாதீர்கள். வாரம் ஒருமுறை போன் பண்ணி, "அண்ணே, நீ எப்படி இருக்கே? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாத ஒரு போன். அது அவனுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது.

மனப்பாரம் தாங்கமுடியாமல் தூக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாரும் சொல்லவேண்டாம். ஜெபமும் பண்ணுவோம், மருந்தும் சாப்பிடுவோம்.

அந்தத் தொடர் 15 வருஷம் கழித்து எப்படி முடிந்தது தெரியுமா? ஒரு சண்டையில் டீன் இரும்புக் கம்பியில் குத்துப்பட்டுச் சாகிறான். வழக்கம்போல் தம்பி ஏதாவது வழி தேடத் துடிக்கிறான். அண்ணன் வேண்டாம் என்கிறான். என்னைத் திருப்பிக் கொண்டுவர முயற்சிக்காதே, நான் போகலாம் என்று நீ சொல்லு என்று கேட்கிறான். தம்பி அழுதுகொண்டே, போகலாம் அண்ணே என்ற பொருளில் சொல்கிறான். பிறகு தம்பி வாழ்கிறான். ஒரு மகன் பிறக்கிறான், அவனுக்கு அண்ணன் பெயரை வைக்கிறான், முதிர்வயதாகிக் கட்டிலில் சாகிறான். ஆத்துமாவை விற்றுக் கொடுக்கமுடியாத சமாதானம், விட்டுக்கொடுத்ததில் வந்தது. சீட்டு எழுதின தம்பிக்கோ தங்கைக்கோ என் பதில் அதுதான். ஆத்துமாவை விற்றதைவிடப் பெரிய அன்பு அந்தக் கதையிலேயே இருக்கிறது. கடைசிப் பாகத்தில் இருக்கிறது.

ஆனால் நீங்கள் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒரு பையை அதற்குரியவன் கையில் திரும்பக் கொடுக்கலாம்.

குடும்ப ஜெபத்தில் பேச:

1. எங்கள் வீட்டில் வயதுக்கு மீறின பொறுப்பைச் சுமக்கிறவர் யார்? அவரிடம் நன்றி சொன்னோமா? அதைக் குறைக்க என்ன செய்யலாம்?

2. எங்கள் வீட்டில் "பேசாதே" என்று மூடப்பட்ட காரியம் உண்டா? யாரிடம் அதைச் சொல்லலாம்?

3. எங்கள் குடும்பத்தின் "மூன்றாவது சகோதரன்" யார்? அவரை நாம் கடைசியாகத் தேடிப்போனது எப்போது?

ஜெபம்: பரம தகப்பனே, எங்கள் பிள்ளைகள் சுமக்கக்கூடாத பாரத்தை அவர்கள் தோளிலிருந்து இறக்கிவிட எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் அன்பை வெளிச்சத்தில் நடத்தும். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுக்கவும், சேர்ந்து தூக்கவேண்டிய இடத்தில் ஓடிவரவும் கிருபை செய்யும். ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.